காயட்டும் என்று சொல்லாத பிசின்

எங்கள் வேன் பட்டறையில் அவரைப் 'பிசின்' என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி. ஆட்கள் குடியிருக்கும் கேம்பர் வேன்களின் வெளிப்புறத்தில் தண்ணீர் புகக்கூடிய இடங்களை அடைப்பது அவர் வேலை. அதற்கு முன் பதினோரு வருடம் மீன் தொட்டிக் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். "அங்க தண்ணி உள்ள இருக்கணும், இங்க வெளிய இருக்கணும். மத்தபடி ஒரே வேலைதான்" என்பார். நான் அங்கே சரக்கறைப் பதிவேடு எழுதியவன்.

மீன் தொட்டிக் கடையிலிருந்து வந்தவர் என்றாலும் வேன் கூரையில் சிலிக்கான் பசையைத் தொட மாட்டார். அது கண்ணாடிக்கு நல்லது. ஆனால் ஒருமுறை தடவிய இடத்தில் அதன்பின் வேறெதுவும் ஒட்டாது. ஜன்னல் சட்டத்துக்கு அடியில், திருகு முடுக்கும் முன், பியூட்டில் என்ற ஒட்டும் ரப்பர் நாடா வைப்பார். அது வருடக்கணக்கில் மெத்தென்றே இருக்கும். வண்டி ஓடும்போது குலுங்குகிற விளிம்புகளுக்குக் குழாயில் வரும் பாலியூரித்தேன் பசை. இவற்றை அவர் மாற்றி வாங்கிப் போனதாக என் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை.

அப்படிப்பட்டவர் அடைத்த ஒரு வேன் நான்கே மாதத்தில் ஒழுகியது. அதுவும் சொந்த அக்காவின் வேன்.

அக்காவும், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவர் கணவரும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அந்த வேனிலேயே குடியிருந்தார்கள். கூரை ஜன்னல் கட்டிலுக்கு நேர் மேலே இருந்தது. மெத்தை நனைந்து பூஞ்சை பிடித்து, அக்காவுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. இனி ஈரத்தில் படுக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுபடி ஒழுகினால் வேனை விற்றுவிட்டு மகன் வீட்டு ஹாலில் போய் இருக்க வேண்டியதுதான்.

"பையன் நல்லவன்தான்டி. ஆனா அந்த ஹால்ல எந்த மூலையில போய் நான் இருமுறது?" என்றார் அக்கா.

 பிசின் ஏணியில் ஏறி, ஜன்னலைச் சுற்றியிருந்த தன் பழைய பசையைக் கத்தியால் கீறினார். மேலே தோல்போல வழவழப்பு. உள்ளே முழுக்கக் குமிழி. ஒரு பக்கம் கூரையை விட்டே பிய்ந்திருந்தது.

"சார், நான் இதை அடைச்ச அன்னிக்கு ஹீட் கன் யார்கிட்ட இருந்துச்சு, பாருங்க."

புரட்டினேன். சூடான காற்றை ஊதும் அந்தக் கருவி காலை பத்து பத்துக்கு வெளியே போய், மாலை மூன்று நாற்பதுக்குத் திரும்பியிருந்தது. வாங்கியவர் பெயருக்கு எதிரே, 'பிசினின் அத்தான்' என்று என் கையெழுத்து.

அத்தான் கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, நான்தான் வாங்கினேன். அஞ்சரை மணி நேரம் கை வலிக்க ஊதினேன். தொட்டுப் பார்த்தேன், ஒட்டல. கிளம்பிட்டோம்."

"யார் உங்களை ஊதச் சொன்னது?"

"நீதானேம்மா சொன்ன! 'நல்லா காயட்டும் அத்தான், அப்புறம் வண்டிய எடுங்க'ன்னு. சரி, காய வச்சேன்."

பட்டறையில் யாரோ சிரித்தார்கள். பிசின் சிரிக்கவில்லை. பாலியூரித்தேன் காய்கிற சாமானே இல்லை. காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் அது இறுகும், அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர். அவர் தடவியிருந்தது பத்து மில்லிமீட்டர். சூடு பட்டதும் மேலே தோல் கட்டிவிட்டது. உள்ளே குமிழி விட்டு, பச்சையாகவே நின்றது. அன்று மாலையே வண்டி குண்டும் குழியுமான ரோட்டில் போயிருக்கிறது.

"தப்பு என்னுதுதான் அத்தான்" என்றார். "மீன் தொட்டிக் கடையிலேர்ந்தே எல்லார்கிட்டயும் அந்த வார்த்தையத்தான் சொல்றேன். நீங்க ஒருத்தர்தான் அப்படியே செஞ்சிருக்கீங்க."

"பஸ் ஓட்டினவன்மா. கண்டக்டர் விசில் அடிச்சா எடுப்பேன், அடிச்சா நிறுத்துவேன்."

ஜன்னலைக் கழற்றி, பழையதைச் சுரண்டி, துணியில் அழுக்கு வராமல் போகும் வரை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பதினேழு துணி ஆனது. புதிய நாடா, புதிய பசை. கடைசியில் விரலால் வழித்துவிட்டுச் சொன்னார்: "பிடிக்கட்டும். அஞ்சு நாள் யாரும் அசைக்கக் கூடாது." பக்கத்தில் ஈரச் சாக்கு ஒன்றையும் தொங்கவிட்டார்.

அந்த ஐந்து நாளும் இருவரும் பிசினின் ஒற்றை அறையில்தான் தங்கினார்கள். அத்தான் தினமும் வந்து வேனைச் சுற்றிவிட்டு, "டிப்போவுலகூட இவ்வளவு நாள் சும்மா நின்னதில்ல" என்று முனகிப் போவார். ஹீட் கன்னை நான் பூட்டி வைத்திருந்தேன்.

ஆறாம் நாள் காலை, அக்கா கட்டிலில் பழைய செய்தித்தாளை விரித்து, ஜன்னலைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார். பிசின் ஏணியில் நின்று ஹோஸில் தண்ணீர் விட்டார். முதலில் கீழ் விளிம்பு, பிறகு பக்கங்கள், கடைசியில் மேல் விளிம்பு. மொத்தம் நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து பேச்சே இல்லை. அத்தான் என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹோஸை நிறுத்தியதும் பிசின் கூரையைத் தட்டினார். "அக்கா! என்ன ஆச்சு?"

சத்தமில்லை. அத்தான் கதவைத் திறந்தார். அக்கா அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். கன்னத்தில் செய்தித்தாளின் மை.

"தூங்கிட்டேன்டி" என்றவர் தலையணையைத் தடவினார், மெத்தையைத் தடவினார், தாளை எடுத்து உதறினார். "காஞ்சிருக்கு. எல்லாம் காஞ்சிருக்கு."

பிசின் ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "சார், அவ சொன்னதை அப்படியே எழுதிக்குங்க" என்றார். எழுதினேன்.