ஆடுகளுக்குக் கிடைத்த நியாயம்

சித்தப்பாவின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே அவர் மகள், என் தங்கை, ஓடத் தொடங்கிவிடுவாள். அவர் காலை ஊன்றி நிற்பதற்குள் கைலியோடு சேர்த்து இரண்டு கால்களையும் கட்டிக்கொள்வாள். பிடியை விடும்போது அவள் கன்னத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். சித்தி அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே, “அப்பன் வேலைக்குப் போயிட்டு வந்தா மகளுக்குப் பவுடரு” என்பாள். எல்லோரும் சிரிப்போம்.

சித்தப்பா அதுவரை கரிசல் காட்டில் உளுந்தும் பருத்தியும் போட்டவர். தொடர்ந்து மழை பொய்த்த பிறகு, ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் புதிதாக வந்த பேட்டரி ஷெட்டில் சேர்ந்தார். லாரிகளில் கழித்துப்போட்ட பழைய பேட்டரிகளை அங்கே உடைப்பார்கள். உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி, கட்டியாக வார்த்து அனுப்புவார்கள். வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாத வேலை என்பதில் சித்திக்குப் பெரிய நிம்மதி. வேலை பார்த்த துணியோடுதான் அவர் வீட்டுக்கு வருவார். அந்தத் துணியைச் சித்தி ஊறவைக்கும் தொட்டியில்தான் பிள்ளையைக் குளிப்பாட்டவும் செய்வாள்.

தங்கை அப்போது பெரிய பேச்சுக்காரி. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பஸ்களின் நிறத்தைப் பார்த்தே எது கடம்பூருக்குப் போகும், எது இடைசெவலுக்குப் போகும் என்று சொல்லிவிடுவாள். கோயில் கொடை விழாவில் ஒருமுறை கேட்ட பாட்டை வீட்டில் முழுசாகப் பாடிக் காட்டுவாள். அந்தப் பேச்சு ஒரே நாளில் நின்றுவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. தெரிந்த பொருளின் பெயர் வாய்க்கு வராமல் கையை நீட்டிக் காட்டினாள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். காரணமில்லாமல் கடித்தாள், கத்தினாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த கொஞ்ச நாளிலேயே மக்கு என்று பெயர் வாங்கிவிட்டாள். சித்தி அடித்துப் பார்த்தாள், மந்திரித்துப் பார்த்தாள். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான்.

அந்த வருஷம் ஷெட்டை ஒட்டி மேய்ந்து, ஓடைத் தண்ணீரைக் குடித்த ஆடுகள் சில செத்துப்போயின. ஆட்டுக்காரர்கள் திரண்டுபோய்ச் சத்தம் போட்டார்கள். முதலாளி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்ட விலையைக் கொடுத்து அனுப்பினார். தங்கமான மனுஷன் என்று ஊரே சொன்னது.

நான் திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சித்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உடன் போனேன். டாக்டரம்மா பிள்ளையின் வெளிறிய கண்ணையும் ஈறையும் பார்த்துவிட்டு, வீட்டில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டார். வேலைத்துணியை எங்கே துவைப்பீர்கள் என்று அடுத்துக் கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்விகள் அவை. ரத்தத்தைச் சோதித்துச் சொன்னார்: “உடம்புல ஈயம் ஏறியிருக்கும்மா. பெரியவங்களவிட வளர்ற பிள்ளை உடம்பு அதை அதிகமா இழுத்துக்கும். மூளைதான் முதல்ல அடிவாங்கும். ரத்தத்துல இருக்கறத மருந்து குடுத்துக் குறைக்கலாம். போன அறிவு திரும்பும்னு என்னால சொல்ல முடியல.”

சித்தப்பா மறுநாளே வேலையை விட்டார். ஆனாலும் தங்கை ஓடிவரும்போதெல்லாம், “தொடாத, தொடாத” என்று பதறி விலகினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சில மாதங்களில் ஓடுவதை அவளே நிறுத்திக்கொண்டாள். அதன்பின் அவர் திருப்பூருக்குப் பிழைக்கப் போனார்.

சித்தி ஷெட்டுக்குப் போனாள். முதலாளி உட்காரச் சொல்லி டீ வரவழைத்தாராம். “இங்கன வேல பாக்குறவிய பிள்ளைகள்லாம் நல்லாத்தான இருக்கு? ஒம் பிள்ளைக்குப் பிறவியிலயே இருந்திருக்கும்மா.”

“ஆடுகளுக்கும் பிறவியிலயே இருந்துச்சா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டு, டீயைத் தொடாமல் சித்தி எழுந்து வந்தாள்.

பிறகு அலைந்தாள். மனு கொடுக்காத ஆபீஸ் இல்லை. ஒருவழியாக அதிகாரிகள் வந்து ஷெட்டைப் பூட்டியபோது ஊர் அவளோடு பேசுவதை நிறுத்தியது. குழாயடியில் ஒரு பெண் அவள் காதுபடவே சொன்னாள்: “ஒரு மந்தப் பிள்ளைக்காவ இத்தன வீட்டு அடுப்ப அணச்சிட்டா.” அப்படிச் சொன்னவளின் மகனும் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டத் திணறியவன்தான். அதை யாரும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆடு செத்தால் கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளையின் புத்தி மங்கினால் பிள்ளையைத்தான் குறை சொல்கிறார்கள்.

இப்போது புதூர்ப் பக்கம் அதே முதலாளியின் ஷெட் வேறு பெயரில் ஓடுகிறது. சித்தி மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அந்த ஊருக்குப் போவாள். போன மாதம் நானும் போனேன். ஒவ்வொரு வாசலிலும் மகளை முன்னால் நிறுத்தி, “எம்பிள்ளையப் பாருங்க. பஸ்ஸப் பாத்தே ஊரு சொன்னவ. ஒங்க வீட்டு ஆம்பளைய வேலைத்துணியோட உள்ள விடாதிய” என்றாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு இளம்தாய் மட்டும் தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த கணவனின் சட்டையைப் பார்த்தாள். தரையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் தங்கை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதைக் கடந்தவள். வார்த்தை வார்த்தையாகத் தேடிப்பிடித்துப் பேசினாள்.

“அம்மா, என்னைய எதுக்குக் காட்டுத?”

“ஒன்னையப் பாத்தாத்தாம்ட்டி நம்புதாவ.”

“எல்லாரும் என்னையவே பாக்காவ. எனக்குப் பிடிக்கல. இனி நான் வரல.”

சித்தி அவளை வற்புறுத்தவில்லை. இப்போது தனியாகத்தான் போகிறாள். வெறும் பேச்சைக் கேட்டு யாரும் நம்புவதில்லை.