சிங்கப்பூர் சுற்றி வந்த பேச்சு

அப்பா இறந்த பிறகு அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். காரைக்குடி வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு முகம் பார்த்துப் பேச வராது. இப்படி இரண்டு பேரைப் பார்த்து ஒரே வீட்டில் விட்டுவைத்த ஆண்டவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

பேச வராது என்றால் ஊமை இல்லை. சாப்பிடுகிறாயா என்று கேட்டால் "ம்" என்பேன். கடையில் போய் அரைக் கிலோ சீனி வாங்கிவிடுவேன். அதற்கு மேல் ஒருவர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்து நின்றால், சொல்ல வந்ததெல்லாம் தொண்டையோடு நின்றுவிடும். அதற்கு ஆட்டிசம் என்று ஒரு பெயர் இருப்பதை வெகுகாலம் கழித்துத்தான் ஒரு டாக்டர் சொன்னார். தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் அதற்குத் திமிர் என்று பெயர். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலைவிட்டு வெளியே வந்தால் பெண்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, மகள் ஏன் யாரோடும் பேசுவதில்லை என்று விசாரிப்பார்கள். அம்மா சிரித்து மழுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுவாள்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். லீவில் வந்த அண்ணன் எனக்கு ஒரு மெயில் முகவரி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்தால் என்னை யாரும் பார்ப்பதில்லை. யாரும் காத்து நிற்பதுமில்லை. எனக்குள் அவ்வளவு பேச்சு இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயாடி என்று பெயர் எடுத்த என் பெரியம்மா மகளெல்லாம் என் விரல்களிடம் பிச்சை வாங்க வேண்டும். அண்ணனும் சளைக்காமல் பதில் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் செய்வான். ஒருமுறை அம்மா அவனிடம் என்னைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டாள். அப்பா செத்ததற்குக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கல்நெஞ்சுக்காரி என்றாள். அவன் அந்தப் பக்கம் ஏதோ சொன்னான். அம்மா ரிசீவரைக் காதில் வைத்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவன் என் மெயிலை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தானாம். அழுகை எப்படி வரும் என்று தெரியாமல் அப்பா செத்த அன்றைக்கு நான் கொல்லையில் நின்றது, அவர் வாசம் போய்விடுமே, சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டார்களே என்று வயிறு எரிந்தது, எல்லாம் அதில் இருந்தது.

போனை வைத்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் பார்த்தால், பீரோவுக்குள் துவைக்காமல் பத்திரமாக வைத்திருந்த அப்பாவின் வேட்டி ஒன்று என் தலையணைமேல் இருந்தது.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நான் எழுதுவேன், அண்ணன் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வாசிப்பான், அம்மா சொல்வதை அவன் எனக்கு அடித்து அனுப்புவான். "மீன் கழுவுற வாடை ஒனக்குக் கொமட்டும்னு ஏன் தாயி சொல்லல, நான் வெளிய வச்சுக் கழுவ மாட்டேனா" என்று சிங்கப்பூரிலிருந்து வந்தது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் கடல் தாண்டி ஒரு பாதை. அம்மா என்னோடு பேச ஆசைப்பட்டாள், பேசினாள். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் அது.

ஆனால் அம்மா, அண்ணன் ஊரோடு வந்துவிட வேண்டுமென்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருந்தாள். அந்த வேண்டுதல் பலித்தது. சிங்கப்பூரில் வேலை முடிந்துவிட்டது என்று அவனை அனுப்பிவிட்டார்கள். அம்மா வெயிலில் நடந்தே போய் மாதாவுக்கு நேர்ச்சையைச் செலுத்திவிட்டு, கொப்புளக் காலோடு திரும்பினாள்.

வந்தவன் மெயிலில் இருந்த அண்ணன் இல்லை. வேலை போன ஆள், கட்டிலே கதியென்று கிடந்தான். பழைய நினைப்பில் ஒரு தாளில் எழுதி நீட்டினேன். "அதான் நேர்ல இருக்கேன்ல, வாயத் தொறந்து சொல்லு" என்றான். இவ்வளவு எழுதத் தெரிந்தவளுக்குப் பேசவா தெரியாது என்பது அவன் கட்சி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லி அடுத்த தாளை வைத்தேன். மடித்துத் தலைமாட்டில் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா போன் பக்கத்து ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொள்வாள். போன் அடிக்க யார் இருக்கிறார்கள்?

ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொல்லிவிட்டாள்.

"ஏய்யா, நீ மறுபடியும் அங்குட்டே போயிட்டா என்ன?"

அவன் தட்டிலேயே கை கழுவினான். சம்பாத்தியம் இல்லாத பிள்ளை பாரமாகிவிட்டான் என்று எடுத்துக்கொண்டான். அம்மா பதறிப்போய், அதுக்குச் சொல்லலய்யா என்றாள். எதற்குச் சொன்னாள் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு தாயி அவன்ட்ட. ஒனக்குத் தெரியும்ல."

எனக்குத் தெரியும். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் திறக்கவில்லை. அண்ணன் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். எழுதி நீட்டிய சீட்டையும் வாங்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எல்லாவற்றையும் அடித்தேன். அம்மா உன்னை விரட்டவில்லை, உன் வாயால் என் பேச்சைக் கேட்க ஏங்குகிறாள் என்று அடித்து அனுப்பினேன். அவன் இப்போதெல்லாம் மெயிலைத் திறப்பதே இல்லை என்று எனக்குத் தெரியும். நான் எழுதியது கட்டிலில் கிடந்தவனுக்கு இல்லை, சிங்கப்பூரில் இருந்தவனுக்கு.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலிலேயே அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"எழுதிட்டியா தாயி?"

தலையாட்டினேன். எழுதினால் உடனே போய்ச் சேர்ந்துவிடும் என்று அண்ணன் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தான். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, அவன் திரும்பிப் பேசுவான் என்று அவன் முதுகைப் பார்த்துக் காத்திருந்தாள்.