தூங்காத கேமரா

அவளுக்கு ஏணியக்கா என்று பெயர் வைத்தது கேமரா மாட்டித் தரும் கடையில் கூட வேலை பார்ப்பவர்கள். மடக்கு ஏணியை ஸ்கூட்டரின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு அவள் வளைவில் திரும்பினால், எதிரே வரும் கார்க்காரர்களே ஒதுங்கி வழி விடுவார்கள். முதலில் அவள் அதே கடையில் போன் எடுக்கும் வேலையில்தான் இருந்தாள். கேமரா ஓடவில்லை என்று யார் கூப்பிட்டாலும், அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று சொல்ல வேண்டும். கண்ணால் பார்க்காத பொருளுக்கு வாயால் வைத்தியம் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் முதலாளியிடம் ஏணி வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேன் ஓட்டும் கணவன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, வழுக்காமல் இருக்கட்டும் என்று ஏணியின் கால்களுக்குப் பழைய டயரை வெட்டி மாட்டிக் கொடுத்ததும் அவன்தான்.

அவளைப் பாடாய்ப் படுத்தியது ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் வாசல் கேமரா. மனைவி போன பிறகு அவர் தனியாக இருந்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள், போன தடவை வந்தபோது அதை வாங்கி வாசல் கூரைக்குக் கீழே மாட்டிவிட்டுப் போயிருந்தாள். வயர் கிடையாது, பேட்டரி மட்டும்தான். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் மாதக்கணக்கில் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருந்தது. அவர் வீட்டில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

முதல் தடவை போனபோது, காற்றில் ஆடும் செடிக்கிளையைப் பார்த்தெல்லாம் கேமரா விழித்துக்கொள்கிறது என்று நினைத்து, கிளையை வெட்டச் சொன்னாள். அடுத்த தடவை, வைஃபை பெட்டி உள்ளறை அலமாரிக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்து, சிக்னல் கிடைக்காமல் கேமரா திணறுகிறது என்று அதை ஜன்னலோரம் நகர்த்தி வைத்தாள். அதற்கும் மசியவில்லை. மூன்றாவது தடவை பேட்டரியையே மாற்றிவிடலாம் என்று புதிதாக ஒன்றைக் கொண்டு போனாள். கதவைத் திறந்தவரின் முழங்கையில் பெரிய பிளாஸ்திரி.

"என்னாச்சுங்கய்யா?"

"ஒண்ணுமில்லம்மா. பேட்டரிய கழட்டலாம்னு ஏறினேன். நாற்காலி நகந்துடுச்சு, நான் நகரலை."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று மாட்டிய பொருளே அவரைக் கீழே தள்ளிவிடும் போலிருந்தது. புது பேட்டரியைப் போட்டுவிட்டு, அது இறங்கினால் தன்னைக் கூப்பிடாமல் ஏறக் கூடாது என்று கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதுவும் இறங்கியது. இந்தத் தடவை சார்ஜ் ஏற்றி மாட்டிய பிறகு அவள் கிளம்பவில்லை. டிரைவர் வழக்கம்போல் கேமராவுக்கு எதிரே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிப் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். அவள் ஏணி மேலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஈ காக்கை இல்லை. அப்படியும், கேமராவின் ஓரத்தில் ஒரு சின்ன நீல விளக்கு எரிந்தது. எரிந்தபடியே இருந்தது. போனில் யாராவது நேரலையாகப் பார்க்கும்போது மட்டும் எரியும் விளக்கு அது. டிரைவரின் போனோ உள்ளே மேஜையில் கிடந்தது.

இந்த விளக்கு அடிக்கடி எரியுமா என்று கேட்டாள். காலையில் பேப்பர் படிக்கும்போதெல்லாம் எரியும், கேமரா நல்லாயிருக்கிறது என்று அர்த்தம்தானே என்றார் அவர். வேறு யார் போனில் இது இருக்கிறது என்று கேட்டதற்கு, மகள் போனில் இருக்கும், அவள்தானே மாட்டினாள் என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அதை அவரிடம் அவள் சொல்லவில்லை. மகளின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திக் கூப்பிட்டாள். நேரலையாகப் பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் பேட்டரி இறங்குகிறது, அதைக் கழற்ற ஏறித்தான் அப்பா முழங்கையில் அடிபட்டது என்று சொன்னாள்.

"போன் பண்ணா அப்பா ரெண்டு வார்த்தைதான் பேசுவாரு" என்றாள் மகள். "சாப்டியா, வேலை எப்படி, வச்சிடறேன். அதான் அவர் பேப்பர் படிக்கும்போது போன்ல கேமராவ தொறந்து வச்சுக்கிட்டு சமைப்பேன். கூடவே இருக்கிற மாதிரி இருக்கும். விழுந்தது எனக்குத் தெரியவே தெரியாதுக்கா."

பேட்டரி இறங்கிவிட்டால் கேமரா கண்ணை மூடிக்கொள்ளும், எப்படித் தெரியும் என்று ஏணியக்கா சமாதானம் சொன்னாள். ஆனால் அப்பாவிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

மகள் சொன்னாள். டிரைவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பனியனோடு உட்கார்ந்தது, முதுகு சொறிந்தது, தனக்குத்தானே பாடிக்கொண்டது எல்லாம் நினைவுக்கு வந்து கூசிப்போனார். கேமராவின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். சொல்ல வைத்திருக்கவே கூடாதோ என்று ஏணியக்காவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கணவனிடம் சொல்லிப் புலம்பினாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். துண்டை எடுத்துவிட்டாராம். பேட்டரி ரோதனையே வேண்டாம், கரண்டில் ஓடுகிற மாதிரி ஒன்று மாட்ட முடியுமா என்று கேட்டார்.

"அவ பாக்கட்டும்மா, வேணாங்கல. ஆனா அவ மட்டும் பாத்தா எப்படி? எனக்கும் அவ தெரியணும்ல?"

ஏணியக்கா அன்றைக்கே போய் வயர் இழுத்துக் கேமரா மாட்டினாள். மகள் விட்டுப்போன பழைய டேப்லெட்டைப் பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் சாய்த்து வைத்து, மகளை வீடியோ காலில் கூப்பிட்டுக் கொடுத்தாள். திரையில் ஒரு சமையலறை தெரிந்தது. மகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாயா என்று இவர் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. அவர் பேப்பரைப் பிரித்தார், அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் போனது. திடீரென்று டிரைவர் பேப்பரைத் தாழ்த்தித் திரையைக் குனிந்து பார்த்தார்.

"பின்னால பாரு, பால் பொங்குது."

மகள் பதறி ஓடினாள். பால் பாதி அடுப்பில் வழிந்திருந்தது. தீயைக் குறைக்காமல் எதற்கு அங்கே போய் நின்றாய் என்று டிரைவர் திட்ட ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே அவளும் திருப்பிப் பேசினாள். இரண்டு வார்த்தையோடு நிற்கவில்லை. வருகிறேன் என்று சொல்லவும் இடம் கிடைக்காமல், ஏணியக்கா கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.