சத்தம் வராத மடிக்கணினி

அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன மூன்றாம் வருடம், அவர் வேலை செய்த வீட்டில் கழித்துவிட்ட ஒரு மடிக்கணினி எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து லீவில் வந்த பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருவர் அதை இரண்டு துவாய்களில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். விசைகளில் அரபு எழுத்து, அதிலும் இரண்டு விசைகள் இல்லை. திறந்தால் திரையிலும் அரபுதான். எனக்கு அப்போது பதினொரு வயது.

அம்மாவின் தம்பியான மாமா ஹட்டனில் கணினி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வந்து பார்த்தவர் உற்சாகமாகிவிட்டார்.

"இது கம்பெனிக்காரன் பூட்டுப் போட்ட வீடு பாப்பா. இதை இடிச்சுட்டு நம்ம வீட்டைக் கட்டுவோம்."

யாரும் காசில்லாமல் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் என்ற இயங்குதளம் அவரிடம் ஒரு சீடியில் இருந்தது. உள்ளே இருப்பது எல்லாவற்றையும் அழிக்கவா என்று அது கேட்டது. மாமா யோசிக்கவே இல்லை. ஐம்பது நிமிடத்தில் அரபு போய், ஆங்கிலத்தில் புதிய திரை வந்தது.

மறுநாள் ஞாயிறு. தலவாக்கலையில் இருந்த தொலைபேசிக் கடைக்கு அம்மா பேசும் நாள்.

"பெட்டி வந்துருச்சா? அதுல நான் உனக்குப் பேசி வச்சிருக்கேன் பாப்பா. இந்த வீட்டுப் பையன்தான் பதிஞ்சு குடுத்தான். கேட்டீங்களா?"

நான் அதைச் சொன்னதும் மாமா ரிசீவரை வாங்கிக்கொண்டார். "சத்தம் இன்னும் வரலக்கா. சரி பண்ணிடுறேன்."

சத்தம் வரவில்லை என்பது உண்மைதான். அந்தக் கணினியைச் செய்தவர்கள், ஒலி எழுப்பும் பாகம் எப்படி வேலை செய்கிறது என்று வெளியில் யாருக்கும் சொல்லவில்லையாம். லினக்ஸ்காரர்கள் ஊகித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். அந்தக் கம்பெனியை நான் மனதார வெறுத்தேன். மாமா சனிக்கிழமைதோறும் வந்து கறுப்புத் திரையில் ஏதேதோ தட்டினார். தேதி, அவர் செய்து பார்த்தது, முடிவு என்று கொப்பியில் மூன்று கோடு போட்டு நான் எழுதி வந்தேன். முடிவு என்ற இடத்தில் ஆறு வாரமும் "இல்லை".

"என்ன மச்சான், உங்க பெட்டிக்கு இன்னும் வாய் வரலியா?" என்று அப்பா கேட்பார்.

"சில புள்ளைங்களுக்கு லேட்டாத்தான் பேச்சு வரும் மச்சான்."

அம்மா ஒவ்வொரு முறையும் "கேட்டீங்களா?" என்றார். ஒவ்வொரு முறையும் நான் "இன்னும் இல்லை" என்றேன்.

பொறுக்க முடியாமல் ஒரு கடிதம் எழுதி மாமாவிடம் கொடுத்தேன். "என் அம்மா இதற்குள் இருக்கிறார். சத்தம் வர உதவி செய்யுங்கள்." லினக்ஸ்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் இணையப் பக்கத்தில் அதை ஆங்கிலத்தில் போடச் சொன்னேன். மாமா போட்டார். யாரும் பதில் எழுதமாட்டார்கள் என்று நம்பியிருப்பார்.

ஒருவர் எழுதினார். மாமா அச்சடித்துக் கொண்டுவந்த தாளில், தட்ட வேண்டிய ஒரே ஒரு வரி இருந்தது. அதன் கீழே, அம்மாவின் குரல் கேட்டதும் அவசியம் எழுது என்றும் இருந்தது. பதில் வந்த தேதியும் அதில் அச்சாகியிருந்தது. அதை எனக்குக் காட்ட மாமா பதினொரு நாள் எடுத்துக்கொண்டிருந்தார்.

நானே அந்த வரியைத் தட்டினேன். கணினியை மறுபடி இயக்கியபோது மேள ஒலி போல ஒன்று கேட்டது. நான் குதித்தேன்.

"இப்ப அம்மாவைப் போடுங்க மாமா."

மாமா திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "அம்மா இதுல இல்ல பாப்பா. மொத நாளே அழிஞ்சு போச்சு. எனக்குத் தெரியாது. அக்கா சொன்னப்பதான் தெரியும்."

நான் அவரோடு எட்டு நாள் பேசவில்லை. அடுத்த ஞாயிறு கடைக்கும் பேசாமலே போனேன். மாமா ரிசீவரை எங்கள் இருவர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் அம்மாவிடம் சொன்னார். அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அழிஞ்சே போச்சா? எல்லாமேவா?"

"எல்லாமேக்கா."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. "சரி, போகட்டும்டா. அன்னைக்கு மனசு ஒரு மாதிரி இருந்துச்சு, என்னென்னமோ பேசிட்டேன். அவ கேக்காததே நல்லது."

பிறகு என்னிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். நான் சொன்ன எதற்கோ சிரிக்கவும் செய்தார். எனக்கு ஆத்திரம். அன்று கொப்பியில் எழுதினேன்: "அம்மாவுக்குக் கவலையே இல்லை."

அத்தனை வாரமும் "கேட்டீங்களா?" என்று அவர், நாங்கள் கேட்டுவிட்டோமோ எனப் பயந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். தேதி தவறாமல் எழுதிய எனக்கு அது மட்டும் தெரியவில்லை.