நாற்பது வீடுகளில் டிவி ஓடிய நாள்

கிள்ளானில் மேருவுக்குப் போகும் சாலையை ஒட்டி அந்த அடுக்குமாடி இருந்தது. கீழ்த்தளத்தோடு சேர்த்து நான்கு தளங்கள், தளத்துக்குப் பதினாறு வீடுகள், மொத்தம் அறுபத்து நான்கு கதவுகள். அங்கே யாராவது இறந்துபோனால் கதவு கதவாகத் தட்டிச் சேதி சொல்வது பவுனம்மாளின் வேலை. யாரும் கொடுத்த வேலை அல்ல. அவளே எடுத்துக்கொண்டது.

1979 மார்ச்சில் அவள் கணவன் லோரி விபத்தில் இறந்தான். உடல் கூடத்தில் கிடந்தது. தலைக்கு மேலே, முதல் மாடியில், அந்தக் குடியிருப்புக்கு வந்த முதல் கலர் டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அழுதுகொண்டிருந்தவள் எழுந்தாள். தாலி கழற்றாத கழுத்தோடு படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"மூணு மணி நேரம் அடைச்சு வையுங்க. அவரு போயிரட்டும். அப்புறம் பாருங்க."

அந்த வீட்டுக்காரன் வெட்கப்பட்டு அணைத்தான். அன்றிலிருந்து அது அந்தக் குடியிருப்பின் வழக்கமாயிற்று. உடல் வீட்டுக்கு வந்ததிலிருந்து, வண்டி வாசல் கேட்டைத் தாண்டும் வரை, எந்த வீட்டிலும் டிவி இல்லை, ரேடியோ இல்லை. பவுனம்மாள் வந்து சொல்வாள், அணைப்பார்கள். 1996 அக்டோபர் வரை இப்படி நாற்பத்தொரு பேர் அமைதியாகப் போயிருக்கிறார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் அதில் உண்டு. கடன்காரன் உண்டு, பெண்டாட்டியை அடித்தவன் உண்டு, தூக்குப் போட்டுக்கொண்டவன் உண்டு. யாருக்கும் யாரும் மறுத்ததில்லை.

அந்த நாற்பத்தொன்றில் கடைசிப் பதினேழுக்கு, மேல் இரண்டு மாடிகளிலும் கதவு தட்டியவள் சீதாலெட்சுமி.

1991இல் பவுனம்மாளுக்கு முழங்கால் தேய்ந்துபோனது. மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் நின்றே வேலை பார்த்த கால். கீழ்த்தளம் ஏழாம் எண்ணில் வாடகைக்கு இருந்த சீதா அவள் படியேறும் அழகைப் பார்த்துவிட்டு, "மேல ரெண்டு மாடிய எனக்கு விட்ருங்கக்கா. நீங்க ஏறி முடிக்கறதுக்குள்ள பொணம் நடந்தே போயிரும்" என்றாள்.

சீதா திருநங்கை. அந்தச் சொல் அப்போது புழக்கத்தில் இல்லை. இருந்தவை எல்லாம் வசைச் சொற்கள். அவற்றை அவள் தினமும் படிக்கட்டில் கேட்டாள். கிள்ளான் பூக்கடை ஒன்றில் மாலை கட்டும் வேலை. காலை பத்து மணிக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத் திரும்புவாள். சாவுச் சேதி சொல்லப் போகும்போது மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வேறு ஆளாக மாறிவிடுவாள். படம் பாதியில் இருக்கிறது என்று இழுப்பவர்களிடம், "அங்கிள், கதாநாயகி சாகமாட்டா. நாளைக்கும் வந்து ஆடுவா. பட்டனை அமுக்குங்க" என்பாள். சிரித்துக்கொண்டே அணைப்பார்கள்.

1996 தீபாவளி நவம்பர் பத்தாம் தேதி. அதற்கு முந்திய வாரம், குடியிருப்போர் சங்கத் தலைவர் ராதாகிருஷ்ணன் ஏற்பாட்டில், முப்பத்தொரு வீடுகளில் புது சாட்டிலைட் தட்டு மாட்டினார்கள். பழைய ஏரியல் கம்பிகளுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தட்டுகள் வரிசையாக வானத்தைப் பார்த்து நின்றன. "டிஜிட்டல் லா, ஆன்டி. மழை மாதிரி புள்ளி விழாது, நிழல் விழாது" என்று மாட்ட வந்தவர்கள் சொன்னார்கள். முதல் மாதம் இலவசம். நாள் முழுவதும் தமிழ்ப் படம். அதுவரை வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படத்துக்குக் காத்திருந்தவர்கள், அந்த மாதம் சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் குடியேறினார்கள்.

நவம்பர் 20, புதன்கிழமை, இரவு எட்டரை மணிக்கு, பூக்கடை வேலை முடிந்து சீதா பஸ்ஸுக்கு நின்றாள். வெள்ளைக் காரில் வந்த நான்கு பேர் அவளை இழுத்துப் போனார்கள். பிசாங் கோரேங் என்னும் வாழைப்பழப் பலகாரம் விற்பவர் ஒருவர் அதைப் பார்த்தார். மறுநாள் காலை ஆறு இருபதுக்குச் சாலை கூட்டுபவர் சாக்கடை ஓரத்தில் உடலைக் கண்டார். இரும்புக் கம்பியால் அடித்திருந்தார்கள். விலா எலும்பு ஐந்து முறிந்திருந்தது. பணப்பை இடுப்பில் அப்படியே இருந்தது. அவர்கள் திருட வரவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் பவுனம்மாள் இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். புகாரை எழுதிக்கொண்டவர் தலை நிமிராமல், "இந்த மாதிரி ஆளுங்க கேஸ்ல சாட்சி நிக்காது, அம்மா" என்றார்.

"சாட்சி நிக்கிறாரே. வாசல்ல நிக்கிறாரு பாருங்க, பலகாரம் விக்கிறவரு."

அவர் எட்டிப் பார்க்கவில்லை.

உடலை இரத்த உறவுதான் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து சீதாவின் அண்ணன் வாசு வந்தான். கையெழுத்துப் போட்டான். "நீங்களே எடுத்துக்குங்க. எங்க வீட்டுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான். பிணவறை அட்டையில் எழுதியிருந்தது வேறு பெயர். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 23, சனிக்கிழமை, காலை பதினொன்றுக்கு உடல் ஏழாம் எண் வீட்டுக்கு வந்தது. இரண்டு மணிக்கு மின்சுடலைக்குப் புறப்பட வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து சீதாவின் தோழிகள் பதினொரு பேர் கொமுட்டர் ரயிலில் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள் தங்கமணி, ஐம்பது வயதுக்காரி. உடலைக் குளிப்பாட்டி மஞ்சள் சேலை கட்டிவிட்டது அவள்தான்.

பவுனம்மாள் முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டு புறப்பட்டாள். மேல் மாடிகளுக்குப் போக இப்போது வேறு ஆளில்லை.

தன் வீட்டையும் சீதாவின் வீட்டையும் விட்டால் அறுபத்திரண்டு கதவுகள். ஏழு பூட்டியிருந்தன. மற்ற ஐம்பத்தைந்திலும் நின்றாள்.

முதல் மாடியில் பஸ் டிரைவர் சபாபதி ரிமோட்டைத் தூக்கிக் காட்டினான். "சத்தமே இல்ல பாருங்கக்கா. மியூட்."

"படம் ஓடுதே."

"படம் ஓடுனா பொணத்துக்குக் கேக்குமா?"

"பொணத்துக்கு எதுவும் கேக்காது, சபாபதி. உங்கப்பாவுக்கும்தான் கேக்கல. அப்ப ஏன் எல்லாரும் அணைச்சோம்?"

அவன் ரிமோட்டைப் பார்த்தான். அணைக்கவில்லை.

அதே மாடியில் தனலெட்சுமி கதவைப் பாதி திறந்து நின்றாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா. ஒரு மனுசன் செத்தா அணைக்கலாம். இது வந்து..."

"இது?"

"என்னான்னு சொல்றது. ஆம்பள சாவா, பொம்பள சாவா?"

"போன வருஷம் உன் மாமியா செத்தப்ப, மேல முப்பத்திரண்டு கதவுலயும் போய் நின்னாளே, அப்ப கேட்டியா இதை?"

"அதுக்குத்தான் அன்னிக்கே காப்பி குடுத்தோமே."

பவுனம்மாள் அடித்துவிடுவோமோ என்று பயந்து கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனாள்.

இரண்டாம் மாடியில் ராதாகிருஷ்ணன் வீடு. கூடத்தில் அவர் அப்பா தம்புசாமி, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாற்காலியில் இருந்தார். ராதாகிருஷ்ணன் வாசலை மறித்து நின்று தணிந்த குரலில் பேசினார். "கொலை கேஸு, அக்கா. போலீஸு, பேப்பருன்னு வந்தா நம்ம பிளாட்டுக்குத்தான் கெட்ட பேரு. சங்கத்துல இருந்து நான் எப்படிச் சொல்றது? சத்தமில்லாம எடுத்துட்டுப் போயிருங்க."

"சத்தமில்லாம எடுத்துட்டுப் போகத்தான் அணைக்கச் சொல்றேன்."

பின்னால் படம் சட்டென்று இருண்டது. தம்புசாமி சுவரைப் பிடித்தபடி குனிந்து பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். "மூணு மணி நேரம்தானடா" என்றார்.

"அப்பா, அப்படிப் பிடுங்கக் கூடாது. பெட்டி கெட்டுப்போகும்." ராதாகிருஷ்ணன் கிழவரின் கையிலிருந்து வாங்கித் திரும்பவும் சொருகினார். மறுபடியும் பாட்டு வந்தது.

மூன்றாம் மாடியை முடித்துப் பவுனம்மாள் இறங்கும்போது பன்னிரண்டே முக்கால். அணைத்த வீடுகள் ஒன்பது. அதில் மூன்று மலாய்க் குடும்பங்கள், இரண்டு சீனக் குடும்பங்கள், ஒரு வார்த்தை கேட்காமல் அணைத்தவர்கள். சத்தத்தை மட்டும் அடைத்தவை ஆறு. மற்ற நாற்பது வீடுகளிலும் டிவி ஓடியது.

தங்கமணி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "விடுங்கக்கா. எங்களுக்கு இது புதுசா? ரெண்டு வருஷம் முன்ன ஒருத்திய எடுத்தோம். தேவாரம் பாட வரேன்னவரு பாதி வழியில திரும்பிட்டாரு. நாங்களே பாடிக்கிட்டோம். பழகிப்போச்சு."

"உனக்குப் பழகிப்போச்சுன்னா எனக்கும் பழகணுமா? அவ என் கூட நின்னவடி. இந்தப் படி பூரா அவ கால் பட்ட படி."

தங்கமணி தண்ணீர்ச் செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு தன் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, வாய மூடிக்கிட்டு அழறீங்க. யாருக்குப் பயந்து? மேல இருக்கறவங்க டிவிக்கா?"

இரண்டு மணிக்குப் பெட்டியைத் தூக்கும்போது பதினொரு பேரும் வாய்விட்டுக் கத்தி அழுதார்கள், நெஞ்சில் அறைந்து அழுதார்கள். பவுனம்மாளும் அழுதாள். அப்போது மேலே ஒரு ஜன்னல் திறந்தது.

"சத்தத்தைக் கொறைங்கம்மா. ஒண்ணுமே கேக்கல இங்க."

எந்த ஜன்னல் என்று பவுனம்மாள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது மூடிக்கொண்டது.

அதன்பின் அவள் யாருக்கும் போகவில்லை. டிசம்பரில் ஒரு சாவு, பிப்ரவரியில் ஒரு சாவு. வந்து கூப்பிட்டார்கள். "முட்டி வலி" என்று கதவைச் சாத்தினாள். இரண்டு பேரும் டிவிச் சத்தத்தில்தான் போனார்கள். ஸ்டேஷனுக்கு மட்டும் மாதம் ஒரு தடவை போய்வந்தாள். வெள்ளைக் காரின் எண்ணில் மூன்று எழுத்துகளைப் பலகாரக்காரர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு தடவையும் விசாரணை நடக்கிறது என்ற பதில்தான் வந்தது.

1997 ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை காலை, தம்புசாமி இறந்தார். பகல் பன்னிரண்டுக்கு ராதாகிருஷ்ணன் கீழே வந்து அவள் வாசலில் நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

"அக்கா, அப்பா..."

"கேள்விப்பட்டேன்."

"கூடத்துல வச்சிருக்கோம். மேலயும் கீழயும் டிவி ஓடுது. நானே போய்ச் சொல்லிட்டேன். 'சரி சரி'ங்கறாங்க. கதவ சாத்துனதும் திரும்பப் போட்டுர்றாங்க."

"தலைவர் சொல்லியுமா?"

அவர் மாறிப் போட்ட பொத்தானைத் திருகினார். பவுனம்மாள் அவரை நிற்கவைத்தே யோசித்தாள். கதவைச் சாத்தினால் தீர்ந்தது. நான்கு மாதமாக அவள் காத்திருந்ததும் இந்த வாசலில் இந்த மனிதன் வந்து நிற்பதற்குத்தான். ஆனால் மேலே கிடப்பது இவர் அல்ல, குனிய முடியாத இடுப்போடு குனிந்த கிழவர்.

"உங்களுக்காக வரல" என்றாள். "உங்கப்பாவுக்காக வரேன். நீங்களும் என் பின்னாடியே வரணும். நான் ஒவ்வொரு கதவுலயும் என்ன சொல்றேனோ அதைப் பக்கத்துல நின்னு கேக்கணும். ஒண்ணு விடாம."

"அப்பாவ விட்டுட்டு எப்படிக்கா..."

"அப்ப நீங்களே சொல்லிக்குங்க."

அவர் வந்தார்.

முதல் கதவில் அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கீழ் வீட்டு சீதாலெட்சுமிய நவம்பர் இருபதாம் தேதி நாலு பேரு அடிச்சுக் கொன்னாங்க. இருபத்து மூணாம் தேதி எடுத்தோம். அன்னிக்கு உங்க வீட்டுல டிவி ஓடுச்சு. இன்னிக்கு தம்புசாமி ஐயா தவறிட்டாரு. பிளக்கைப் பிடுங்கிருங்க. நான் இங்கதான் நிக்கறேன்."

பிடுங்கும் வரை நின்றாள். அன்று சீதாவுக்காக அணைத்த வீடுகளில் மட்டும் தம்புசாமியின் சேதியைச் சொல்லிவிட்டு நன்றி சொன்னாள். மற்ற கதவுகளில் முழுவதும் சொன்னாள். சபாபதி ரிமோட்டைத் தேடினான். "அது வேணாம். சுவத்துப் பக்கம் போ" என்றாள். போனான்.

தனலெட்சுமி, "சாவு வீட்டு நாள்ல சண்டை வேணுமாக்கா?" என்றாள்.

"சண்டை இல்ல. சேதி. ரெண்டு சாவுச் சேதி. ஒண்ணு தாமதமா வருது."

பின்னால் ராதாகிருஷ்ணன் ஒவ்வொரு கதவிலும் நின்றார். மூன்றாம் மாடியில் பாதி வழியில், "போதும்க்கா" என்றார். இன்னும் எட்டு கதவுகள் இருந்தன. எட்டிலும் நிற்கவைத்தாள்.

அன்று குடியிருப்பு முழுவதும் அடங்கிக் கிடந்தது. தம்புசாமியின் வண்டி கேட்டைத் தாண்டும் சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்டது. வண்டி போனபின் ராதாகிருஷ்ணன் அவளிடம் வந்து, "மன்னிச்சிருங்கக்கா. சீதாவுக்கும் இன்னிக்குச் சேர்த்து அமைதி கிடைச்ச மாதிரிதானே" என்றார்.

"இல்ல. இது உங்கப்பாவுக்குக் கிடைச்சது. அவளுக்கு யாரும் ஒண்ணும் குடுக்கல."

அதன்பின் பவுனம்மாள் பழையபடி எல்லாச் சாவுக்கும் போனாள். எல்லாச் சாவுக்கும் சீதாவின் சேதியை முதலில் சொன்னாள், தேதி மாறாமல், வார்த்தை மாறாமல். புதிதாகக் குடிவந்தவர்கள் யார் அந்தச் சீதா என்று கேட்டார்கள். அவர்களுக்கு நின்று விளக்கினாள். சிலர் அவளைக் கண்டதும் வாய் திறக்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கினார்கள். அப்போதும் முழுவதும் சொன்னாள்.

1998இல், வருடம் திரும்பிய பிறகும் அவள் சொல்வது நிற்காததைப் பார்த்துத் தனலெட்சுமி ஒருநாள் படிக்கட்டில் மறித்தாள். "ரெண்டு வருஷம் ஆகப்போகுது. செத்தவளும் போய்ச் சேர்ந்திருப்பா. இன்னும் எத்தனை நாளைக்குக்கா?"

"அந்த நாலு பேரும் எங்க இருக்காங்க, சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. ஸ்டேஷன்லயும் தெரியாதாம்." பவுனம்மாள் கைப்பிடியைப் பிடித்து முட்டியை அடுத்த படிக்குத் தூக்கினாள். "வழிய விடு. மேல இன்னும் முப்பது கதவு இருக்கு."