காறல் எண்ணெய்

நான் நல்லவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வாயில் கைவைக்க வேண்டாம்.

காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் வடையும் முறுக்கும் சுட்டு விற்றேன். என் கொழுந்தன் கிளேபாங் கடலோரத்தில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் இறால் குளத்தைப் பார்த்துக்கொண்டான். கடல் ஏறும்போது உள்ளே வரும் குஞ்சு இறாலை மடை போட்டு அடைத்து, தீனி போட்டு வளர்க்கும் வேலை. இந்த முறை இறால் நன்றாக வந்தால் குளத்துக் குடிசையிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று தவுக்கே சொல்லியிருந்தார். அவன் பெண்டாட்டி அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். இருவருக்கும் வேறு கூரை கிடையாது. என் வீட்டில் ஒரு வருடம் இருந்தவர்களை நான்தான் பேசிப் பேசியே விரட்டியிருந்தேன்.

வெறும் தவிடு போட்டவரை இறால் வளரவில்லை. மீன் குடலைக் கொழுப்போடு நறுக்கிப் போட்டதும் மளமளவென்று வளர்ந்ததாம். மீன் கழிவு கிடைக்காமல் போனதும் என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணி, கொழுப்பு இல்லாம அதுங்க ஓடே கழட்ட மாட்டேங்குது. கொஞ்சம் தேங்காயெண்ண குடுங்களேன்."

கொடுத்தேன். தவிட்டில் அளவாகப் பிசைந்து போட்டான். அடுத்த மாதம் நடுவிரல் நீளத்தில் ஒரு கூடை இறால் கொண்டுவந்தான். என் வீட்டுக்காரர் சம்பல் வைக்கச் சொல்லித் தின்றுவிட்டு, "என் தம்பி கைராசிக்காரன். நீயும் இத்தன வருசமா எண்ணச் சட்டியில கெடக்குற, என்னத்தக் கண்ட?" என்றார்.

வயிறு எரிந்தது.

அதற்குள் மெர்டேக்கா சுதந்திர தினக் கொண்டாட்டம் வந்தது. திடலில் கூடிய கூட்டத்துக்கு மூன்று நாள் விடாமல் சுட்டேன். மிஞ்சிய எண்ணெய் கறுத்து, டின்னில் வாரக்கணக்கில் கிடந்து காறிப்போனது. மூடியைத் திறந்தாலே தொண்டை கமறும். கொழுந்தன் மறுபடி வந்தபோது அந்த டின்னைத் தூக்கிக் கொடுத்தேன்.

"நல்லா ஊத்துடா. சீக்கிரம் கொழுக்கட்டும்."

அண்ணி கொடுத்ததை அவள் கண்முன்னே முகர்ந்து பார்ப்பது எங்கள் ஆட்களிடம் கிடையாது. கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு போனான்.

இறால் முதலில் தீனியைத் தொடவில்லை. தின்றவை ஓடு மெத்தென்றாகி, பாதி கழற்றிய ஓட்டோடு செத்தன. ஒரு வாரம் கழித்துக் குளம் முழுக்க வெளுத்து மிதந்ததாம். கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மறுநாள் காலையில் மூட்டையோடு என் வாசலில் நின்றான். அவன் பெண்டாட்டி தெருவில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல் நின்றாள்.

"வாட அடிக்கத்தான் செஞ்சிச்சு அண்ணி. நீங்க குடுத்ததாச்சே, கெட்டதா இருக்காதுன்னு போட்டேன். நான்தான் அளவு தெரியாம ஊத்திட்டேன் போல. ஒங்க எண்ணயயும் பாழாக்கிட்டேன், மன்னிச்சிருங்க."

டின்னை நீட்டினான். சாம்பல் போட்டுப் பளபளவென்று கழுவியிருந்தான்.

வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.