மினிபஸ்காரர்களுக்கு ஒரு பட்டன்

எம்.பி.ஏ. முதல் வருடம் முடிந்ததும் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கல்லூரியின் கட்டாயம். எனக்கு ஒரு பெரிய வங்கியில் இடம் கிடைத்தது. சென்னையில் கண்ணாடிக் கட்டடம், பத்தாவது மாடி, கழுத்தில் தொங்கும் அட்டை என்று நான் கற்பனையை ஓட்டிக்கொண்டிருந்தேன். வந்த கடிதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை என்று இருந்தது. என் வீடு ராஜபாளையத்தில். பஸ் ஏறினால் அரை மணி நேரம். வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று பார்த்துப் போட்டிருக்கிறார்களாம். விடுதித் தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் இரண்டு நாள் அவர்களோடு பேசவில்லை.

ஆனாலும் அந்தப் பயிற்சியை விட்டுவிட மனமில்லை. காரணம், சீனியர் அக்காக்கள் சொல்லியனுப்பிய ஒரு விஷயம். கடைசி வாரம் மண்டல அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார். நாம் செய்த வேலையைப் பார்ப்பார். கிளம்பும்போது "ஆல் த பெஸ்ட்" என்றால் சான்றிதழ் மட்டும்தான். "படிப்பு எப்போ முடியுது?" என்று கேட்டால் வேலை கிடைத்த மாதிரி. எனக்கு அந்தக் கேள்வி வேண்டும். வீட்டில் மெல்ல மாப்பிள்ளைப் பேச்சு தொடங்கியிருந்தது. கையில் ஒரு வேலை இருந்தால் அந்தப் பேச்சை இரண்டு வருடத்துக்காவது தள்ளிப்போடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஒரு டோக்கன் மெஷின். தலைமை அலுவலகம் அனுப்பிவைத்து, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் ஒரு மூலையில் கிடந்தது. அதை ஓடவைத்து, மக்களைப் பழக்கி, அதனால் என்ன பயன் என்று அறிக்கை எழுத வேண்டும். "மெஷின் ஓடுதுன்னு காட்டிட்டாலே போதும்மா" என்றார் மேனேஜர் மேடம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர்.

மெஷின் வருமுன் அங்கே கியூ என்ற ஒன்று கிடையாது. கவுண்டர் ஓரத்தில் பாஸ்புக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருப்பார்கள். புதிதாக வருபவர் தன் புத்தகத்தை அடியில் செருகிவிட்டு, ஃபேனுக்குக் கீழே இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வார். கிளார்க் மேலேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இடையிடையே யாராவது எழுந்து போய் அடியில் இருக்கும் புத்தகத்தை உருவி மேலே வைத்துவிட்டு வருவார்கள். உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'வாடிக்கையாளர்கள் சிலர் முறைகேடாக முந்திச் செல்கிறார்கள்' என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தேன்.

வாசலில் காவலுக்கு இருந்தவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்து மீசை, இஸ்திரி கலையாத சட்டை. எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. மெஷினை ஹாலில் பொருத்திய அன்று அவரிடம் போய், "டோக்கன் இல்லாம இனிமே யாரையும் கவுண்டர் பக்கம் விடாதீங்க அண்ணாச்சி" என்றேன்.

"ஆர்டரா தாயி?"

"ஆர்டர்தான்" என்றேன், ஏதோ நானே தலைமை அலுவலகம் போல.

அந்த ஒரு சொல்லுக்கு இப்படி ஒரு சக்தி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. டீ கொண்டுவந்த பையன் டோக்கன் எடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். மேனேஜர் மேடத்தின் கணவர், வீட்டில் மறந்துவைத்த கண்ணாடியைக் கொடுக்க வந்தவர், பென்ஷன்காரர்களுக்கு நடுவே டோக்கனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். "ஆர்டர்னா ஆர்டர்தான் சார்" என்று அண்ணாச்சி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் அவரையும் சேர்த்தே அறிக்கைக்காக ஹாலைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் அப்படிப் போனது. பெண் குரலில் மெஷின் எண்ணைச் சொல்ல, மக்கள் எழுந்து போவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மம்சாபுரத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். மாம்பழ ஷெட்டில் பழம் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். டோக்கன் எடுத்து உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு கவுண்டருக்கும் வாசலுக்குமாக நடந்தார். அண்ணாச்சி குறுக்கே நின்றார். அக்கா என்னிடம் வந்தார். "ஒங்க நம்பர் வந்தாத்தான் கூப்பிடுவாங்க அக்கா. எல்லாருக்கும் ஒரே ரூல்தான்" என்று சொன்னேன். அந்த 'ஒரே ரூல்' என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

எண் வந்து, வேலை முடிந்து, அவர் ஓடினார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். மினிபஸ் போய்விட்டது. அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்துத்தான். மறுபாதி நாள் வேலையும் போயிற்று. வெயிலில் எங்கே நிற்பது என்று எனக்கு நேர் எதிரே, ஃபேனுக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ரூல் பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை. மெஷினைக் கையால் காட்டிக் கேட்டார்:

"ஏட்டி, ஒம் மெசினு நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மினிபஸ்ஸு டைமு தெரியுமா?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மெல்ல அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "முன்னாடி எப்படிக்கா பஸ்ஸப் பிடிப்பீங்க?"

"பஸ்ஸுக்குப் போறவிய புஸ்தகத்த மேல எடுத்து வச்சிருவோம். உள்ளூர்க்காரவிய செத்த நேரம் பொறுத்துக்கிடுவாவ. அவியளுக்கு என்ன, நடந்து போயிரலாம்லா?"

முறைகேடு என்று நான் எழுதிவைத்தது இதைத்தான். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் மலையைப் பார்க்கவில்லை. ஒரு நாள் கூலி போன பெண்ணிடம் 'ஒரே ரூல்' பேசிய என் குரல்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை மெஷின் கம்பெனிக்காரரைப் போனில் பிடித்தேன். மெஷினில் இரண்டு பட்டன்கள் இருந்தன. ஒன்று பணம், இன்னொன்று மற்ற வேலைகள். மூன்றாவதாக ஒன்று சேர்க்க முடியும், அதை அமுக்கியவரை முதலில் கூப்பிட வைக்கவும் முடியும் என்றார். "என்ன பேர் போடணும் மேடம்? வி.ஐ.பி.யா?" என்று கேட்டார். "மினிபஸ்" என்றேன். அவர் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

மேனேஜர் மேடம் தயங்கினார். "தலைமை அலுவலகம் அனுப்பின மெஷின்மா. வர்ற அதிகாரி என்ன சொல்வாரோ? உன் ரிப்போர்ட்டுதான் அடிபடும், பார்த்துக்கோ." எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அக்காவின் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு பழையபடி போட்டோ எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அண்ணாச்சி மட்டும் இந்த முறை வாய்ச்சொல்லை ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்தில் வேண்டும் என்றார். 'மூன்றாவது பட்டன் மினிபஸ்ஸில் வந்தவர்களுக்கு மட்டும்' என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, மேடத்திடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகான நாட்கள் என் வாழ்க்கையில் நிம்மதியானவை. காலையில் இடதுபக்க ஜன்னலில் மலை கூடவே வரும். பத்து மணிக்கு மினிபஸ் கூட்டம் வந்து இறங்கும், வேலையை முடித்துக்கொண்டு அடுத்த வண்டியில் போய்விடும். அதன் பிறகு உள்ளூர்க்காரர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு சாவகாசமாக இருப்பார்கள். எனக்கும் அந்தக் கதைகளில் பாதி தெரிந்துவிட்டது. மம்சாபுரத்து அக்கா ஒரு நாள் பை நிறைய மாம்பழம் கொண்டுவந்து, "எல்லாருக்கும் ஒரே ரூலு" என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கு ஒன்று கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. சென்னையில் பத்தாவது மாடியில் இருந்த தோழிகள் ஏசி குளிரில் ஜலதோஷம் என்று புலம்பி அனுப்பிய செய்திகளை மாம்பழம் தின்றபடி படித்தேன்.

கடைசி வாரம் அதிகாரி வந்தார். மேடம் பால்கோவா வாங்கி வைத்திருந்தார். அண்ணாச்சி வாசலில் சல்யூட் அடித்ததில் கதவே அதிர்ந்தது. அதிகாரி என் அறிக்கையைப் புரட்டியபடி மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். மூன்றாவது பட்டனைப் பார்த்ததும் புருவம் ஏறியது. நான் பஸ் கதையைச் சொன்னேன்.

"சரிம்மா. சீக்கிரம் போகலாம்னு தெரிஞ்சா எல்லாரும் இதையே அமுக்குவாங்களே? அப்ப என்ன செய்வீங்க?"

எத்தனையோ கேள்விகளுக்குத் தயாராகி வந்திருந்தேன். இதை மட்டும் நான் யோசித்திருக்கவே இல்லை. "பாருங்க, இவ்வளவுதான்" என்று அவரே மூன்றாவது பட்டனை அமுக்கி டோக்கனைக் கையில் எடுத்தார்.

"சார், அது மினிபஸ்காரவியளுக்கு!" குரல் பின்னாலிருந்து வந்தது. மம்சாபுரத்து அக்கா. வந்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது. "நீங்க கார்லதான வந்தீய?"

"வாசல்லயே நிக்குதுல்லா, வெள்ளக் காரு" என்றார் பக்கத்தில் இருந்தவர். ஹாலில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன். போதாததற்கு அண்ணாச்சி விறுவிறுவென்று வந்து அதிகாரிக்கு முன்னால் விறைப்பாக நின்றார். "சார், இந்த டோக்கன் ஒங்களுக்குச் செல்லாது சார். ஆர்டர் இருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து என் வெள்ளைத்தாளை எடுத்து விரித்துக் காட்டினார். பிறகு இரண்டாவது பட்டனை அமுக்கி, வந்த டோக்கனை மரியாதையாக நீட்டினார். மேனேஜர் மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி டோக்கனைப் பார்த்தார். ஹாலைப் பார்த்தார். டோக்கனை வாங்கிக்கொண்டு போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மினிபஸ்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். அக்கா தன் வேலையை முடித்துவிட்டு, "வாரேன் சார்" என்று அவரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். ஒருவர்கூடத் தப்பான பட்டனை அமுக்கவில்லை. தன் எண்ணை மெஷின் கூப்பிட்ட பிறகுதான் அதிகாரி எழுந்தார்.

"இவங்களே பார்த்துக்கிறாங்க. இது ரிப்போர்ட்ல இல்லையேம்மா" என்றார்.

"இன்னைக்குத்தான் சார் எனக்கே தெரிஞ்சது."

அறிக்கையை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். அண்ணாச்சியின் சல்யூட்டை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

"படிப்பு எப்போ முடியுது?"

"அடுத்த ஏப்ரல்ல சார்!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஹாலில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.